அச்சில் விட்டுப்போன பெயர்

மொந்தெவிதேயோவில் ஜூலைக் காற்று
ஆற்றுப் பக்கமிருந்து கிளம்பி
ஜன்னல் ரப்பரைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்து
சுல்மா எச்செவெரியின் பிடரியில் உட்காரும்.
அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே,
திரையில் அவளுடைய பதினோராவது ரூபி ஜெம்.

முந்தைய பத்தும் பத்து மாதிரி.
ஒன்றில் பதிப்பு எண்ணுக்குத் தனிக் கோப்பு.
ஒன்றில் அது இரண்டு இடத்தில்,
இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கிக்கொண்டு.
ஒன்றில் உரிமமே கிடையாது.
படகுத்துறை நீர்மட்டம் கணிக்கும் எட்டாவதை
ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னிரவில் வெளியிட்டாள்.
கோப்புப் பட்டியலில் லிப் அடைவைச் சேர்க்கவில்லை.
நாற்பத்தொரு பேர் இறக்கிக்கொண்டார்கள்,
வாசிக்க ஒரு குறிப்பு, ஓர் உரிமம்,
மற்றபடி காலிப் பெட்டி.

திங்கட்கிழமை அச்சு செய்ய உட்கார்ந்தாள்.
எது எங்கே என்று
இனி எந்த இரவும் அவளைக் கேட்கக் கூடாது.
பெயரில் நடுக்கோடு வந்தால் உள்ளே ஓர் அடைவு பிரியும்,
அடிக்கோடு வந்தால் பிரியாது, ஒரே சொல்.
(நமக்கு ஒற்று மிகும் இடம், மிகா இடம் போல;
கை பழகிவிட்டால் வாய் கேள்வி கேட்பதில்லை.)
பதிப்பு எண் ஒரே இடத்தில்.
லிப்பில் எந்தப் படியில் நிற்கிறதோ
சோதனையும் அந்தப் படியிலேயே, எதிர் வீட்டு மாடி மாதிரி.
மாறுகிற இடங்களில் மட்டும் குழிகள்.
சுருக்கவுரைக் குழியில் ‘எழுத வேண்டும்’ என்று போட்டாள்.
அது அப்படியே கிடந்தால்
கருவி பொதி கட்டாது.
எதற்காக இது என்று ஒரு வரி சொல்லாமல்
ஒன்றும் வாசல் தாண்டக் கூடாது.

எல்லாக் குழியும் தோண்டினாள்.
ஆசிரியர் என்ற வரியில் மட்டும்
தன் பெயரை அப்படியே விட்டுவிட்டாள்.

மூன்று குளிர்காலம் கழித்துக் கடிதம் வந்தது.
பைசாந்துவிலிருந்து ஓல்தெமார் என்பவர்,
மாட்டுப் பண்ணைக் கணக்கர்:
‘அம்மணி, உங்கள் காதுவில்லை ஜெம்
எண்ணின் முன்னாலுள்ள சுழியத்தை விழுங்கிவிடுகிறது.
நானூறு கன்றுகள்
தொழுவத்தில் கத்துகின்றன, பதிவேட்டில் இல்லை.’

கன்றுகளோடு எனக்கென்ன என்று அடித்தாள்.
அழித்தாள்.
அந்த ஜெம்மை இறக்கிப் பார்த்தாள்.

பார்த்தேயிராத நிரல். ஆனால்
விளக்குப் பொத்தான் கதவுக்கு இடப்பக்கம் என்று
கைக்குத் தெரிந்திருந்தது.
லிப்புக்குள் அதே பெயரில் அடைவு,
அதற்குள் எண் வாசிக்கும் கோப்பு,
முப்பத்தோராம் வரியில்
சரத்தை எண்ணாக்கும் அவசரம்.
தோற்கும் சோதனை ஒன்று முதலில் எழுதினாள்.
பிறகு அந்த வரியை அடித்தாள்.
எதிரில் பச்சை.
யாரோ ஒருவருக்கு அனுப்பினாள்; அந்த யாரோ
பெயர்க் குழி இல்லாத அச்சை எடுத்து
மாட்டுக்காகப் புழங்கிய மனிதர்.
அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அச்சைத் திறந்தாள், அந்த வரியைக் குழியாக்க.
சேமிக்குமுன் தன் பெயரைப் பதிவகத்தில் தேடினாள்.
இருபத்தாறு.
தேன்கூட்டு எடை. சதுரங்கக் கடிகாரம்.
சிலே நாட்டுப் பேருந்துச் சீட்டு.
யாரோ ஒருவரின் பல் மருத்துவமனை வரிசை.
சட்டகம் எல்லாம் அவள் கைத்தடம்,
சுருக்கவுரை மட்டும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரல்.
ஒன்றில் இப்படி:
‘எதற்கென்று தெரியவில்லை. ஓடுகிறது.’

கருவி விட்டிருக்கிறது;
தடைசெய்த சொல் அதில் இல்லையே.
சுல்மா சத்தமாகச் சிரித்தாள்.
மாத்தே ஆறிப்போயிருந்தது, உறிஞ்சினாள்.
அந்த ஒன்றுக்கு மட்டும்
தன் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.